குழலும் அதன் அச்சும்

பெரம்பலூருக்கு வடக்கே, சென்னை நெடுஞ்சாலையை ஒட்டி நிற்கும் ரஞ்சன்குடிக் கோட்டையின் சுற்றுப்புறத்தில், 1751-ஆம் ஆண்டு, ஆர்க்காட்டு நவாபு பதவிக்குப் போட்டியிட்ட இருவருள் சந்தா சாகிபுக்குத் துணையாகப் பிரெஞ்சுக்காரரும் முகம்மதலிக்குத் துணையாக ஆங்கிலேயரும் நின்று பொருதபோது, இருதிறத்தாரும் ஏந்தியிருந்தவை உட்புறம் வழவழப்பான குழலையுடைய துப்பாக்கிகளே. அவற்றினின்று வெளிப்பட்ட ஈயக் குண்டு எத்திசையில் விலகும் என்பதைச் சுட்டவனும் அறியான். அவ்விலகலின் காரணத்தை ஆராய்ந்து தெளிந்த பெஞ்சமின் ராபின்ஸ் என்னும் ஆங்கிலக் கணித மேதை, அதே ஆண்டு ஜூலை மாதத்தில், கடலூர்த் தேவனாம்பட்டினக் கோட்டையில், கிழக்கிந்தியக் கம்பெனியாரின் தலைமைப் பொறியாளராக இருந்தபடியே காலமானார்.

குழலின் சுவரில் உராய்ந்து தாறுமாறாகச் சுழல்வதனாலேயே குண்டைக் காற்று பக்கவாட்டில் தள்ளுகிறது என்று கண்ட ராபின்ஸ், அச்சுழற்சியின் அச்சு குண்டு செல்லும் திசையிலேயே அமையுமானால் அது பம்பரம்போல் நிலைபெறும் என்றும், உட்புறத்தில் புரிகள் வெட்டிய குழலின் பயனை முற்ற உணர்ந்த நாடு போரில் மேம்படும் என்றும் 1747-இல் எழுதினார். ஒரு நூற்றாண்டு கழித்தே உலகம் அதை ஏற்றது.

பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி மாவட்டத்தைச் சேர்ந்திருந்த காலத்தில், 1966-இல், திருச்சியில் நிறுவப்பட்ட படைக்கலத் தொழிற்சாலை, அத்தகைய புரிக்குழல்களையுடைய 5.56 மில்லிமீட்டர் இன்சாஸ் முதலிய ரைபிள்களைச் செய்து வந்திருக்கிறது. சுண்டுவிரலும் நுழையாத நீண்ட துளையைக் கோணாமல் இடுவதே குழல் செய்வோரின் முதற் கவலை. ஆதலால் துளைக்கருவியை அசையாது நிறுத்தி உருக்குத் தண்டையே சுழலவிடுவதும், கருவியினூடே எண்ணெயை அழுத்தத்துடன் பாய்ச்சிச் சீவலை வெளியேற்றுவதும் வழக்கம். புரிகளைக் கருவியால் சிறிது சிறிதாக வெட்டுவது பழைய முறை. புரியின் எதிருருவம் கொண்ட கடினமான தண்டை உள்ளே வைத்து வெளியிலிருந்து சம்மட்டிகளால் அடித்து உருக்கைப் படியச் செய்வது, ஜெர்மனியில் தோன்றிப் பெருந்தொழிற்சாலைகளில் பரவிய முறை.

எனினும் இக்கலையின் கடுமையான சோதனை, துப்பாக்கி சுடும் போட்டியாளர் ஒருவரின் ரைபிளுக்கென்று தனியே ஒரு குழலைப் பொருத்தும்போதே நேர்கிறது என்பது என் அபிப்பிராயம். (நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைச் செய்வதற்கும் பழுதுபார்ப்பதற்கும் உரிமம் வேண்டும், தெருமுனை லேத் பட்டறையில் நடக்கும் வேலையன்று இது.) தேர்ந்த டர்னர் குழலின் வெளிவட்டத்தை நம்புவதில்லை; லேத்தில் பிடித்த குழலின் துளைக்குள்ளேயே டயல் கேஜின் நுனியை வைத்துச் சுழற்றி, முள் அசையாத நிலை வரும்வரை பொறுமையாகத் திருத்துகிறார். மரையும் தோட்டா அமரும் அறையும் துளையின் அச்சையே பின்பற்றாவிடில், தோட்டா பிறக்கும்போதே சாய்ந்து பிறக்கும். அறையின் ஆழத்தை இரண்டு அளவுக்கட்டைகள் சோதிக்கின்றன: ஒன்றின்மேல் அறையைப் பின்னிருந்து அடைக்கும் போல்ட் மூட வேண்டும், மற்றொன்றின்மேல் மூடவே கூடாது. ஆழம் மிகுந்துவிட்டால், வெடிக்கும் கணத்தில் பித்தளை உறை நீண்டு கிழிந்து, கொதிக்கும் வாயு சுடுபவரின் முகத்தை நோக்கிப் பாயும்.