தோற்றது தானோஸா, அவன் நகலா?

ஜவ்வாது மலையடிவாரத் தெருக்கூத்தில் இரணியன் விடிவதற்குள் சாவான். அடுத்த ஆட்டத்தில் மறுபடி வருவான், யாரும் விளக்கம் கேட்பதில்லை. ஆண்டுக்கணக்கில் ஒரே கதையாக நீளும் அமெரிக்க காமிக்ஸுக்கு அந்த வசதி கிடையாது. ஜிம் ஸ்டார்லினின் படைப்பாக 1973இல் அறிமுகமான வில்லன் தானோஸ், 2000இல் வேறொருவர் எழுதிய கதையில் நாயகன் தோரிடம் தோற்றான். ஸ்டார்லின் விடவில்லை. 2002இல் ‘இன்ஃபினிட்டி அபிஸ்’ தொடரில், தோற்றது தானோஸே அல்ல, பிற வல்லவர்களின் மரபணு கலந்து அவன் உருவாக்கிய நகல் என்றார்.

படைப்பாளியின் வீம்பு என்பார்கள், பாதி உண்மைதான். ஆனால் இந்த நகல்கள் வேறு மாதிரி. புராணத்து அசுரன் ரத்தபீஜனின் ரத்தத் துளிகளில் எழுந்த நகல்கள் அவனுக்காகவே போரிட்டன. தானோஸின் நகல்களோ பிரபஞ்சத்தையே அழிக்கக் கிளம்ப, அவற்றைத் தடுக்க அவனே நாயகர்களுடன் சேர நேர்கிறது. சாக்காகத் தொடங்கியது அங்கே கதையாகிவிடுகிறது. இதில் எனக்கு உறுத்துவது வேறு: இனி அவன் எங்கே தோற்றாலும், அதுவும் நகல்தான் என்று வாசகர் சொல்லிவிடலாம்.