ஒரு வாய்த் தண்ணீரில் 602 கோடி கோடி கோடி! தெரியுமா?

மடக்கென்று ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கிறீர்கள். 18 மில்லி என்று வைத்துக்கொள்வோம். அதில் எத்தனை மூலக்கூறுகள் தெரியுமா? சுமார் 602 கோடி கோடி கோடி! அச்சுப் பிழை இல்லை, கோடி மூன்று தடவைதான். உலகத்தின் 800 கோடிப் பேரும் ஆளுக்கு நொடிக்கு ஒன்று என்று ராப்பகலாக எண்ணினாலும் முடிக்க 24 லட்சம் ஆண்டுகள் ஆகும்!

புனே ராஸ்தா பேட்டில் எங்கள் வீட்டுச் சமையலறையில், பதினொன்றாவது படிக்கும் மகளின் வேதியியல் வீட்டுப்பாடத்தோடு மல்லுக்கட்டியபோதுதான் இது உறைத்தது. 36 கிராம் தண்ணீரில் எத்தனை மூலக்கூறு என்பது கேள்வி. "மோல்னா என்னப்பா? ஒண்ணுமே புரியல" என்று நோட்டைத் தள்ளினாள். பக்கத்தில் அம்மா அரிசி அளந்துகொண்டிருந்தார். "பாட்டி அரிசியை எண்ணியா போடறாங்க? ஆழாக்கால அளக்கறாங்க. மோல்ங்கறது கெமிஸ்ட்ரிக்கு ஆழாக்கு" என்றேன்.

ஒரே வித்தியாசம்: ஆழாக்கில் கொள்ளளவு மாறாது, மோலில் எண்ணிக்கை மாறாது. எடைதான் சாமானுக்குச் சாமான் மாறும். தண்ணீர் என்றால் 18 கிராம், உப்பு 58.5, சர்க்கரை 342! "அப்ப முப்பத்தாறை பதினெட்டால வகுத்தா ரெண்டு மோல்..." அரை நிமிடத்தில் விடை வந்துவிட்டது. 1204 கோடி கோடி கோடி.

ஒரு மோலில் அடங்கும் இந்த 602 கோடி கோடி கோடியை அவகாட்ரோ எண் என்கிறோமே, அந்த எண் அவகாட்ரோவுக்கே தெரியாது, தெரியுமா? அவர் 1856இல் காலமானார். மூலக்கூறின் அளவை விஞ்ஞானி லோஷ்மிட் கணக்கிட்டது 1865இல். எண்ணுக்கு அவகாட்ரோ பெயரைச் சூட்டியவர் இயற்பியலாளர் பெரென், 1909இல்! 2019 மே 20 முதல் அது 6.02214076 × 10²³ என்று உறுதியாகிவிட்டது. இனி ஒரு தசமம்கூட நகராது.

அடுத்த கேள்வி எலக்ட்ரான். 60 கிலோ ஆளின் உடம்பிலுள்ள அத்தனை எலக்ட்ரான்களையும் தராசில் போட்டால் எவ்வளவு நிற்கும்? ஏறக்குறைய 18 கிராம்! அதே ஒரு வாய்த் தண்ணீர்!

எலக்ட்ரான் என்றதும் எங்கள் ஊர் பாஷாணில் இருக்கும் தேசிய வேதியியல் ஆய்வகத்தைச் சொல்லாமல் விட முடியாது. 1952 முதல் 1957 வரை அதன் இயக்குநர் ஜார்ஜ் இங்கிள் ஃபிஞ்ச். எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சி, பொருளின் மேற்பரப்பில் அணுக்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்று பார்ப்பதில் கெட்டிக்காரர். இதே மனிதர்தான் 1922இல் ஆக்சிஜன் சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு எவரெஸ்டில் 8,300 மீட்டர் வரை ஏறியவர்! 'மூச்சுக்கு சிலிண்டரா?' என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. 1953இல் ஹிலாரியும் டென்சிங்கும் ஆக்சிஜனோடுதான் உச்சியைத் தொட்டார்கள். அப்போது ஃபிஞ்ச் புனேயில். அவருக்குப் பிறகு வந்த முதல் இந்திய இயக்குநர் கே. வெங்கடராமன், நம்ம சென்னைக்காரர்!

இன்னும் கேளுங்கள். புனேக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டரில், கோடத் கிராமத்தைச் சுற்றியுள்ள வயல்களுக்கு நடுவே 45 மீட்டர் அகலத்தில் 30 ராட்சதக் கிண்ணங்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. ஊட்டி ரேடியோ தொலைநோக்கியைக் கட்டிய கோவிந்த் ஸ்வரூப்தான் இந்த ரேடியோ தொலைநோக்கியையும் எழுப்பியவர். இது பிடிக்கும் சமிக்ஞைகளில் ஒன்று, ஹைட்ரஜன் அணுவில் இருக்கும் ஒற்றை எலக்ட்ரானின் சுழற்சி தலைகீழாகப் புரளும்போது கசியும் 21 சென்டிமீட்டர் அலை. தானாகப் புரள ஓர் அணு எவ்வளவு காலம் எடுக்கும்? சராசரியாக 1 கோடியே 10 லட்சம் ஆண்டுகள்!

"அப்ப எப்படிப்பா கேக்குது?" என்றாள் மகள். நோட்டை அவள் பக்கமே தள்ளினேன். ஒரு மோல் ஹைட்ரஜன் அணு, அதாவது வெறும் ஒரு கிராம், இருந்தால் நொடிக்கு எத்தனை புரளும்? பத்து நிமிடம் பென்சிலைக் கடித்துவிட்டு எழுதினாள்: நூறு கோடிக்கும் மேல்!