தொட்டிச் செடி தில்லிக் காற்றைத் தூய்மையாக்குமா?

புது தில்லி: குளிர்காலப் புகைமூட்டம் தலைநகரைச் சூழ்ந்துவிட்டால், இங்குள்ள அலுவலகங்களில் தொட்டிச் செடிகளுக்கு மவுசு கூடிவிடுகிறது. வரவேற்பறையில் அரேகா பனை, கணினிக்கு அருகே மணி பிளாண்ட், சுவரெங்கும் பச்சைக் கொடி. 'பயோஃபிலிக்' வடிவமைப்பு, அதாவது இயற்கையோடு இயைந்த வடிவமைப்பு என்ற பெயரில் செய்யப்படும் இந்த ஏற்பாடு, ஊழியர்கள் சுவாசிக்கும் காற்றைத் தூய்மையாக்கும் என்பது பரவலான நம்பிக்கை.

இதற்குச் சான்றாகக் காட்டப்படுவதும் தில்லிக் கட்டடம் ஒன்றுதான். நேரு பிளேஸில் உள்ள பஹார்பூர் வணிக மையத்தில் 300 பேருக்கு 1,200 செடிகள் வளர்க்கப்படுவதாக, அதை உருவாக்கிய தொழிலதிபர் கமல் மீட்டல் 2009-ல் அமெரிக்காவில் ஆற்றிய உரை இணையம் வழியே உலகெங்கும் பரவியது. ஆனால், அங்கு வெளிக்காற்று முதலில் நீரால் கழுவப்பட்டு, வடிகட்டப்பட்ட பின்னரே அறைகளுக்குள் அனுப்பப்பட்டது. கேட்டவர்கள் செடிகளை நினைவில் கொண்டனர், இயந்திரங்களை மறந்துவிட்டனர்.

இந்த நம்பிக்கையின் வேர் 1989-ல் வெளியான 'நாசா' ஆய்வறிக்கையில் இருக்கிறது. இறுக மூடிய சிறு பெட்டிகளுக்குள் செடிகளை வைத்து நடத்தப்பட்ட சோதனை அது. அலுவலகமோ, கதவு திறந்து மூடும் இடம். இத்தகைய சோதனைகளை மறு ஆய்வு செய்த அமெரிக்காவின் டிரெக்ஸல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சாதாரணக் காற்றோட்டம் அகற்றும் ரசாயன ஆவிகளைச் செடிகளும் அகற்ற வேண்டுமானால், ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடிகள் தேவை என 2019-ல் கணக்கிட்டனர். அப்புறம் மேஜை போட இடமேது?

தில்லியின் முதன்மையான தொல்லை நுண்துகள்கள். அவற்றைத் தடுக்க வடிகட்டியும், பலர் கூடியிருக்கும் அறையில் சேரும் கரியமில வாயுவை வெளியேற்றப் புதிய காற்றும் தேவை. இரண்டும் செலவு பிடிப்பவை. செடி மலிவானது. நிர்வாகங்கள் எதைத் தேர்ந்தெடுக்கின்றன என்பதில் வியப்பில்லை.

அதற்காகப் பசுமையே பயனற்றது என்று கொள்ள வேண்டியதில்லை. ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்த நோயாளிகள், செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிட விரைவில் வீடு திரும்பியதாக ரோஜர் உல்ரிச் 1984-ல் பதிவு செய்தார். பகல் வெளிச்சமும், வெளிக்காட்சியும், இயற்கைப் பொருள்களும் சேர்ந்ததே பயோஃபிலிக் வடிவமைப்பு. செடி அதில் ஒரு கூறு மட்டுமே. ஜன்னலோர இடங்களை அதிகாரிகளின் அறைகளாகத் தடுத்துவிட்டு, நடுக்கூடத்தில் குழல்விளக்கின் கீழ் அமர்ந்திருக்கும் எழுத்தரின் மேஜையில் ஒரு தொட்டியை வைப்பது அந்தக் கணக்கில் சேராது.