புது டிஏசி: போன எபிசோடுக்கு ஒரு திருத்தம்

இன்னைக்கு எபிசோடு ஒரு மன்னிப்போட ஆரம்பிக்குது.

வீட்டு ஹை-ஃபை செட்ல டிஏசி மாத்தினதப் பத்திப் போன எபிசோட்ல பேசினேன், ஞாபகம் இருக்கும். பழசு 3,000 ரூபாய், புதுசு 18,000 ரூபாய். "ரோஜா படத்து 'சின்னச் சின்ன ஆசை' போட்டேன், மின்மினி குரல் ரெண்டடி முன்னாடி வந்து நிக்குது, பேஸ் நல்லா கனமா இருக்கு"ன்னு அடிச்சு விட்டேன். பொய் சொல்லல, எனக்கு அப்படித்தான் கேட்டுச்சு.

அதைக் கேட்டுட்டு நம்ம நேயர் ஒருத்தர் அதே மாடலை வாங்கிட்டார். ரெண்டு வாரம் கழிச்சு மெயில் வந்துச்சு. எந்த வித்தியாசமும் தெரியலையாம். "என் காதுல ஏதாவது கோளாறா ப்ரோ?"ன்னு கேட்டிருந்தார். அந்த ஒரு வரி என்னைப் போட்டுக் குடைஞ்சுடுச்சு. அதனால முதல் நாளே செஞ்சிருக்க வேண்டிய ஒரு சோதனையை இப்போ செஞ்சேன். அதோட கதைதான் இன்னைக்கு.

முதல்ல டிஏசி என்ன செய்யுதுன்னு பார்த்துடுவோம். சிடி தரத்துல இருக்கிற பாட்டுங்கிறது வெறும் எண்கள். ஒரு விநாடிக்கு, ஒரு சேனலுக்கு 44,100 எண்கள். ஒவ்வொண்ணும் 16 பிட், அதாவது 65,536 படிகள்ல ஒரு படி. இந்த எண்களை மின்னழுத்தமா மாத்தி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புறதுதான் டிஏசி வேலை.

எண்கள் தனித்தனியா இருக்கிறதால சத்தமும் படிக்கட்டு மாதிரிதான் வெளிய வரும், விலை கூடின டிஏசி அதை வழவழப்பாக்கும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. அப்படி இல்ல. டிஏசியில இருக்கிற ஃபில்டர் அந்தப் புள்ளிகள்லேருந்து தொடர்ச்சியான அலையையே திரும்ப உருவாக்கிடுது. விநாடிக்கு 44,100 புள்ளி இருந்தா கிட்டத்தட்ட 22,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் உள்ள அலைகளை முழுசா மீட்கலாம். மனுஷக் காதோட எல்லை சுமார் 20,000 ஹெர்ட்ஸ், வயசாக ஆக அதுவும் இறங்கும். இந்த நைக்விஸ்ட் தேற்றத்தை காலேஜ்ல பதினாறு மார்க் கேள்வியா எழுதிட்டு வந்தவன் நான். கார்டைத் தேய்க்கும்போது மட்டும் எல்லாம் மறந்துபோச்சு.

அப்போ நான் கேட்ட அந்த வித்தியாசம் எங்கேருந்து வந்துச்சு?

மல்டிமீட்டரை எடுத்தேன். 100 ஹெர்ட்ஸ் டோன் ஒண்ணை முழு அளவுல ஓடவிட்டு, ரெண்டு டிஏசியோட ஆர்சிஏ வெளியீட்டையும் அளந்தேன். பழசு 1.7 வோல்ட், புதுசு 2.1 வோல்ட். கணக்குப் போட்டா சுமார் 1.8 டெசிபல். ஆம்ப்ளிஃபயர்ல வால்யூம் திருகை நான் தொடவே இல்ல, ஆனா புதுசு மாட்டின உடனே பாட்டு 1.8 டெசிபல் சத்தமா ஓடியிருக்கு.

இதுல ஒரு விஷமம் இருக்கு. இவ்வளவு சின்ன ஏற்றத்தை நம்ம மூளை "சத்தம் கூடுச்சு"ன்னு சொல்லாது, "நல்லா இருக்கு"ன்னுதான் சொல்லும். அதோட, சத்தம் ஏற ஏற தாழ்ந்த சுருதிகள் இன்னும் வேகமா ஏறின மாதிரி காதுக்குத் தோணும். பெல் ஆய்வகத்துல ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லயே இதை வரைபடமா போட்டுக் காட்டிட்டாங்க. நான் சொன்ன "கனமான பேஸ்" வந்தது பெரும்பாலும் அங்கேருந்துதான்.

அடுத்தது சோதனை. பிளேயர்ல புது டிஏசிக்கு மட்டும் 1.8 டெசிபல் குறைச்சு, மீட்டர்ல ரெண்டும் ஒண்ணுன்னு உறுதி பண்ணிக்கிட்டேன். அப்புறம் தம்பியைக் கூப்பிட்டு ஆம்ப்ளிஃபயர் பக்கத்துல உக்கார வெச்சேன். நான் செட்டுக்கு முதுகைக் காட்டி உக்காந்துக்கிட்டேன். அவன் காசு சுண்டுவான், தலை விழுந்தா பழசு, பூ விழுந்தா புதுசு. ஒவ்வொரு தடவையும் பாட்டோட அதே 20 விநாடியை முதல்லேருந்து போடுவான். எதுன்னு நான் சொல்லணும், அவன் பேப்பர்ல குறிச்சுக்குவான். மொத்தம் 16 தடவை.

கண்ணை மூடிக்கிட்டு ஊகிச்சாலே 8 சரியா வரும். குருட்டு அதிர்ஷ்டம் இல்லன்னு ஓரளவு நம்பணும்னா 12 வேணும், ஏன்னா வெறும் ஊகத்துல 12-ஓ அதுக்கு மேலயோ வர்றதுக்கு 4 சதவீதத்துக்கும் குறைவான வாய்ப்புதான்.

நான் வாங்கினது 9.

நடுவுல நாலு தடவை "இது சத்தியமா புதுசுடா"ன்னு சொன்னேன். அதுல ரெண்டு பழசு. தம்பி இன்னும் சிரிச்சுக்கிட்டு இருக்கான்.

ஒரே ஆள் 16 தடவை கேட்டதை வெச்சு வித்தியாசமே கிடையாதுன்னு நிரூபிக்க முடியாது. இருந்தாலும் அது 15,000 ரூபாய் அளவுக்குப் பெருசு இல்லன்னு தாராளமா சொல்லலாம். 2007-ல மேயர், மோரன்னு ரெண்டு பேர் வெளியிட்ட ஆய்வும் இதே பக்கம்தான் காட்டுது. உயர்தர பதிவுகளை நேராவும், நடுவுல ஒரு 16 பிட், 44,100 மாற்றத்தைப் புகுத்தியும் போட்டுக் காட்டினாங்க. 554 தடவைல சரியா சொன்னது 276, பாதிகூட இல்ல.

அப்போ புதுசால பிரயோஜனமே இல்லையா? ஒண்ணு இருக்கு. பழைய டிஏசியில யூஎஸ்பி மட்டும்தான். லேப்டாப்ல சார்ஜர் சொருகியிருந்தா ஸ்பீக்கர்ல மெல்லிசா ஒரு "கிர்ர்" சத்தம் வரும். லேப்டாப்புக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவுல கேபிளோட கிரவுண்ட் வழியா ஓடுற மின்சாரம்தான் காரணம். (சோதனையப்போ சார்ஜரைக் கழட்டிட்டேன், இல்லன்னா அதை வெச்சே கண்டுபிடிச்சிருப்பேன்.) புதுசுல ஆப்டிகல் உள்ளீடு இருக்கு. அதுல போறது வெளிச்சம் மட்டும்தான், மின்சாரம் போக வழியே இல்ல. அந்தச் சத்தம் சுத்தமா நின்னுடுச்சு. இதைக் கண்டுபிடிக்க ஹை-ஃபை காது வேணாம், எங்கம்மாவே சொல்லிட்டாங்க. ஆனா அதுக்கு 18,000 தேவையில்ல, ஆப்டிகல் இருக்கிற சாதாரண டிஏசியே போதும்.

அதனால உங்க டிஏசியில இரைச்சல் வருதா, தேவையான உள்ளீடு இல்லையா, அப்போ மாத்துங்க. இல்லன்னா முதல்ல ஸ்பீக்கரைச் சுவத்துலேருந்து ஒரு அடி தள்ளி வெச்சுப் பாருங்க. காசே செலவில்லாம பேஸ்ல வித்தியாசம் தெரியும்.

இன்னொண்ணையும் ஒத்துக்கணும். இந்த ரிசல்ட் தெரிஞ்ச பிறகும், புது டிஏசியைக் கண்ணால பார்த்துக்கிட்டே கேட்டா இன்னும் எனக்கு அதுதான் நல்லா இருக்கு. தெரிஞ்சுக்கிட்டதால மட்டும் மயக்கம் தெளியறதில்ல. அதனாலதான் இனிமே இந்த நிகழ்ச்சியில, சத்தத்தைச் சமப்படுத்தாம, பார்க்காம கேக்காம, எந்தக் கருவியையும் "நல்லா இருக்கு"ன்னு சொல்ல மாட்டேன்.

மெயில் போட்ட நண்பருக்கு: உங்க காதுல ஒரு கோளாறும் இல்ல. நீங்க சரியாத்தான் கேட்டிருக்கீங்க. திருப்பிக் கொடுக்க இன்னும் நாள் இருந்தா கொடுத்துடுங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.