புள்ளடியும் பென்சிலும்

பென்றோஸ் பக்கத்தில் ஒரே பக்டறியில் பெட்டி அடைக்கும் வேலை செய்கின்றவர்கள் நாங்கள், ஆறு பேர். எல்லோரும் வன்னியில் படித்துக்கொண்டிருந்தவர்கள். படித்து முடித்தவர்கள் என்று சொல்ல முடியாது. 2008 டிசம்பரில் க.பொ.த. சாதாரண தரச் சோதனைக்கு இருக்கவேண்டிய வயதில் எங்களில் பாதிப் பேர் தறப்பாளுக்குக் கீழே இருந்தோம். அதற்குப் பிறகு சோதனை மண்டபம் ஒன்றின் வாசலையும் நாங்கள் கண்டதில்லை.

எங்களுள் இளையவர் ஒரு தங்கச்சி. வயது இருபத்தொன்பது. இரவு ஷிப்ட் செய்துகொண்டே, இந்த நகரத்தில் ஓரிடத்தில் படிக்கச் சேர்ந்தார். முதலாம் சோதனை 60 பல்தேர்வு வினாக்கள். திருத்துவது ஆளல்ல, இயந்திரம். முடிவு வந்தது: 60க்கு 22. அன்றிரவு வேலைக்கு வந்தவர் ஒன்றும் பேசவில்லை. தேநீர் நேரத்தில்தான், "எனக்கு மண்டையில ஒண்டுமில்லை அக்கா, நான் விடப்போறன்" என்றார்.

நாங்கள் என்ன சொல்வது? கொம்பியூட்டர் பிழை விடுமா என்று எங்களுக்கும் தெரியாது. ஆனால் அவர் படித்த படிப்பை நாங்கள் கண்டிருந்தோம். பெட்டிகளுக்கு நடுவில் கொப்பியை விரித்து வைத்துப் படித்தவருக்கு 22 என்பது கணக்குக்கு ஒத்துவரவில்லை. ஐந்து விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு குத்தினாலே சராசரியாகப் பன்னிரண்டு கிடைத்துவிடும்.

ஊரில் பல்தேர்வு வினா என்றால் விடை இலக்கத்தின் மேல் புள்ளடி போடுவோம். ரீச்சர் சரியான விடைகளுக்கு நேரே துளை வெட்டிய மட்டையை எங்கள் தாளின் மேல் வைத்து, துளைக்குள் தெரியும் புள்ளடிகளை எண்ணுவார். இங்கே புள்ளடி கூடாது. சிறு வட்டத்தைப் பென்சிலால் முழுமையாகக் கறுப்பாக்க வேண்டும். ஒக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் இந்தத் தாளை நெடுங்காலம் 'ரெலிஃபோம்' என்றே சொல்லி வந்தார்கள். அது படிவங்களைப் படிக்கும் மென்பொருள் ஒன்றின் பெயர். இப்போது பல சோதனைகள் கணனித் திரைக்கே போய்விட்டன. ஆனாலும் பென்சில் தாள் உலகத்தை விட்டுப் போகவில்லை.

இந்த முறையின் கதையைத் தேடிப் படித்தோம். அமெரிக்காவின் கன்சாஸில் பிரெடெரிக் கெலி என்பவர் 1914-15 காலத்தில் பல்தேர்வுச் சோதனையைக் கொண்டுவந்தார். ஒரே விடைக்கு ஒவ்வொரு ஆசிரியரும் ஒவ்வொரு புள்ளி போடுகிறார்களே என்ற கவலைதான் அதற்குக் காரணம். இயந்திரத்தைச் செய்தவர் மிச்சிகனில் விஞ்ஞானம் படிப்பித்த ரெனால்ட் ஜோன்சன் என்ற பள்ளிக்கூட ஆசிரியர். இளமையில் கார்களின் ஸ்பார்க் பிளக்கில் பென்சிலால் கோடு கீறி, கார் ஸ்டார்ட் ஆகாமல் செய்த குழப்படிக்காரர். பென்சில் கரி மின்சாரத்தைக் கடத்தும் என்ற அந்தக் குழப்படி அறிவுதான் பின்னர் உதவியது. ஐபிஎம் நிறுவனம் அவரை 1934இல் வேலைக்கு எடுத்தது. 1938இல் அவருடைய இயந்திரம் '805' என்ற இலக்கத்துடன் விற்பனைக்கு வந்தது. 1950களில் அயோவாப் பல்கலைக்கழகத்து லிண்ட்குவிஸ்ட், மின்சாரத்துக்குப் பதில் ஒளியால் படிக்கும் இயந்திரத்தைச் செய்தார். இன்றைய ஸ்கானர்கள் அந்த வழியில் வந்தவை.

பல்கலைக்கழகத்தில் நடப்பது இதுதான். விரிவுரையாளர் விடைத்தாள்களை அடுக்கி, சரியான விடைகளைக் குறித்த தாள் ஒன்றையும் சேர்த்துத் திருத்தும் பிரிவில் கொடுப்பார். ஸ்கானர் தாளின் ஓரத்துக் கறுப்பு அடையாளங்களை வைத்து வரிசைகளைக் கண்டுபிடிக்கும். மாணவர் இலக்கமும் வட்டங்களால்தான் குறிக்கப்படும். ஊரில் சுட்டெண்ணை எழுதினால் போதும், இங்கே எழுதிவிட்டு வட்டத்தைக் கறுப்பாக்காவிட்டால் உங்கள் தாள் யாருடையதென்று இயந்திரத்துக்குத் தெரியாது. ஒரே வரியில் இரண்டு கறுப்பு, மடிந்த தாள், அரைகுறையாக அழித்த அடையாளம் இவற்றைப் பெரும்பாலும் ஆள் ஒருவர் பார்க்கவேண்டி வரும். புள்ளிகளோடு இன்னொரு றிப்போட்டும் விரிவுரையாளருக்குப் போகும்: எந்த வினாவை எத்தனை பேர் சரியாகச் செய்தார்கள் என்று. கெட்டிக்காரர் எல்லோரும் பிழைவிட்ட வினா ஒன்று இருந்தால், பிழை வினாவிலோ கொடுத்த விடையிலோ இருக்கலாம். அதைத் திருத்தி எல்லாத் தாள்களையும் மறுபடி எண்ணுவது இயந்திரத்துக்குச் சில நிமிட வேலை.

ஆனால் கறுத்த வட்டத்துக்குப் பின்னால் இருக்கும் மனிதரை அது காணாது. தமிழ்நாட்டில் 2019 செப்டம்பரில் அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்திய குரூப் 4 தேர்வில், சில மணி நேரத்தில் மறைந்துபோகும் மையால் சிலர் விடை குறித்தார்கள். தாள்கள் போகும் வழியில் தரகர்கள் சரியான விடைகளை நிரப்பினார்கள். இயந்திரம் ஒழுங்காகத்தான் படித்தது. முன்னிலைக்கு வந்தவர்களில் பலர் இராமேஸ்வரம், கீழக்கரை நிலையங்களில் எழுதியவர்கள் என்பதைக் கண்ட மனிதர்கள்தான் சந்தேகப்பட்டார்கள். 2020 ஜனவரியில் 99 பேருக்கு வாழ்நாள் தடை விதிக்கப்பட்டது. அதன்பின் விடை தெரியாவிட்டால் அதற்கும் ஒரு வட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும் என்று விதி வந்தது.

தங்கச்சியின் விடயத்துக்கு வருவோம். "ஒருக்கால் தாளைக் காட்டச் சொல்லிக் கேளும்" என்று நாங்கள் மூன்று நாள் கெஞ்சினோம். கந்தோரில் போய்க் கேள்வி கேட்பது எம்மவருக்கு எவ்வளவு கஷ்டம் என்பது வாசகர்களுக்குத் தெரியும். கேட்டால் பெயர் பதிந்துவிடுவார்கள் என்ற பயம் இன்னும் எங்கள் உடம்பில் இருக்கிறது. நான்காம் நாள் போனார். விரிவுரையாளர் தாளை எடுத்தார். வரிக்கு ஒரு வட்டம், ஒரு குறையுமில்லை. ஆனால் 60ஆம் வரி வெறுமையாக இருந்தது. கடைசி வினாவுக்கு விடை எழுதியது தங்கச்சிக்கு நன்றாக நினைவிருந்தது. 17ஆம் வினாவைப் பிறகு செய்வோம் என்று விட்டவர், 18இன் விடையை 17ஆம் வரியில் போட்டுவிட்டார். அதிலிருந்து எல்லாம் ஒரு படி மேலே ஏறிவிட்டன.

நல்ல காலம், வினாத்தாளிலும் அவர் பேனையால் வட்டம் போட்டிருந்தார். அந்த வினாத்தாளைத் தேடி எடுத்து ஒப்பிட்டார்கள். ஒரு கிழமை கழித்து வந்த புள்ளி 45. எல்லா இடத்திலும் இப்படிச் செய்வார்கள் என்று எண்ணவேண்டாம். தாளில் கறுத்ததுதான் விடை என்று சொல்லிவிட அவர்களுக்கு உரிமை உண்டு.

இப்போது அவர் பத்து வினாவுக்கு ஒருமுறை வரி இலக்கத்தை விரலால் தொட்டுப் பார்க்கிறார். விடுகின்ற வினாவுக்கு நேரே சிறு புள்ளி வைத்து, கடைசியில் அழிறப்பரால் அழிக்கிறார். 2பி பென்சில் இரண்டு கொண்டுபோகிறார்.

இந்நாட்டில் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ உள்ளவர்கள், 20 வயதைத் தாண்டியிருந்தால், பள்ளிக்கூடச் சான்றிதழ் இல்லாமலே விசேட அனுமதி முறையில் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஆங்கிலம் போதுமா என்று பார்ப்பார்கள். எங்களில் இன்னும் இருவர் விண்ணப்பப் படிவம் எடுத்து வைத்திருக்கிறார்கள். வட்டம் போட்ட வெற்றுத் தாள்கள் சில போட்டோக் கொப்பி எடுத்திருக்கிறோம். பழகிப் பார்க்க விரும்புகின்றவர்கள் எங்களைக் காணும்போது கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.