வானொலியும் வட்டாரமும்



எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலை மீது ஏறுவோர், எடப்புளி நாடு, வளப்பூர் நாடு என்று 'நாடு' என்னும் பெயர் தாங்கிய ஊர்த்தொகுதிகளைக் காண்பர். அங்கே பள்ளத்தில் உள்ள ஒரு வீட்டில் வானொலிப் பெட்டியைத் திருப்புவதாகக் கொள்வோம். மேட்டு நிலத்தில் தெளிவாகக் கேட்ட பண்பலை ஒலிபரப்பு பள்ளத்தில் மங்கிவிடும். மத்திய அலை ஒலிபரப்போ அவ்வளவு எளிதில் மங்குவதில்லை. இஃது ஏன்?

விடை அலையின் நீளத்தில் உள்ளது. திருச்சி நிலையம் நெடுங்காலமாகப் பயன்படுத்திய மத்திய அலையின் அதிர்வெண் 936 கிலோ ஹெர்ட்ஸ். வானொலி அலை நொடிக்கு ஏறத்தாழ மூன்று லட்சம் கிலோமீட்டர் செல்லும். வகுத்துப் பாருங்கள்; அலைநீளம் 320 மீட்டர் அளவில் வரும். இத்தகைய நீண்ட அலை நிலத்தை ஒட்டி வளைந்து செல்ல வல்லது. பண்பலையின் நீளமோ சுமார் 3 மீட்டரே. அது பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வதால், குறுக்கே நிற்கும் குன்று அதைத் தடுத்துவிடுகிறது.

அலை எட்டினால் மட்டும் போதுமா? கேட்பவனுக்கு வேண்டிய செய்தி அதில் இருக்க வேண்டாமா? நம் வானொலியின் வரலாறு முழுவதும் இவ்விரு கேள்விகளுக்கும் விடை தேடிய வரலாறே ஆகும்.

தமிழகத்தில் ஒலிபரப்பைத் தொடங்கியது அரசாங்கம் அன்று. சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முதலிய ஆர்வலர்கள் 1924-ஆம் ஆண்டில் அமைத்த சென்னை மாகாண வானொலிக் கழகமே அப்பணியை மேற்கொண்டது. அதன் முதல் பரப்பியின் ஆற்றல் 40 வாட் மட்டுமே. பணமின்மையால் 1927-இல் கழகம் ஓய்ந்தது. அதன் கருவியைப் பெற்ற சென்னை நகராண்மைக் கழகம் 1930 முதல் 1938 வரை இசையையும், பள்ளிச் சிறுவர்க்கான பாடங்களையும் ஒலிபரப்பியது. பெட்டி வாங்க இயலாதவரும் கேட்குமாறு பொது இடங்களில் ஒலிபெருக்கிகள் அமைக்கப்பட்டன.

1938 ஜூன் 16 அன்று சென்னையிலும், 1939 மே 16 அன்று திருச்சியிலும் அகில இந்திய வானொலி நிலையங்கள் எழுந்தன. எல்லை விரிந்தது, நிகழ்ச்சிகளும் பெருகின. கருநாடக இசை, நாடகம், அறிஞர் உரை, செய்தி, நாட்டுப்புற நிகழ்ச்சி என ஒழுங்குபட்ட நேர அட்டவணை உருவாயிற்று. 1957 அக்டோபர் 3 அன்று தொடங்கிய விவித பாரதி மெல்லிசைக்கும் திரைப்பாடலுக்கும் இடமளித்தது.

ஆயினும் வானொலியின் உண்மையான வலிமையைக் காட்டியது வயல்தான். 1960-களில் திருச்சி நிலையத்தின் வேளாண் நிகழ்ச்சிகள் ஆடுதுறை 27 என்னும் நெல்லின் சாகுபடி முறையை விளக்கின. தஞ்சை உழவர் அந்நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயரிட்டு அழைத்தனர். ஒரு நிலையம் தன் வட்டாரத்தின் தேவையை அறிந்து பேசினால், அதன் சொல் நிலத்தில் வேரூன்றும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இவ்வுண்மையைத் தழுவியே நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் 1984 அக்டோபர் 30 அன்று நாகர்கோவிலில் திறக்கப்பட்டது. சென்னையில் 1977-இல் அறிமுகமான பண்பலை பின்னர் எங்கும் பரவியது. 2001 முதல் தனியார் நிலையங்கள் வந்தன. திரைப்பாடலும் கலகலப்பான உரையாடலும் அவற்றின் முதன்மை நிகழ்ச்சிகளாயின. கேட்போர் பெருகினர், எனினும் நகரத்து விளம்பரத்தை நம்பி வாழும் நிலையம் சாமை விதைப்பவனுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கும்?

வேறொரு வழியும் திறந்தது. வானலைகள் பொதுமக்களின் சொத்து என்று உச்சநீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்தது. 2004 பிப்ரவரி 1 அன்று சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் நாட்டின் முதல் கல்வி வளாகச் சமுதாய வானொலி தொடங்கிற்று. 2006-ஆம் ஆண்டின் கொள்கை தொண்டு நிறுவனங்களுக்கும் இவ்வுரிமையை வழங்கி, நிகழ்ச்சிகளில் பாதியேனும் உள்ளூர் மக்களின் பங்கேற்புடன் அமைதல் வேண்டும் என்று விதித்தது. இத்தகைய நிலையத்துக்குச் சுமார் 50 வாட் பரப்பியே போதும். 1924-இல் தொடங்கிய சிறு கருவியின் அளவுக்கே மீண்டும் வந்துவிட்டோம் அல்லவா?

ஆனால் சிறு பண்பலையைக் குன்று மறைக்கும் என்று முன்னரே கண்டோம். நாட்டில் மத்திய அலைப் பரப்பிகள் பலவும் அண்மை ஆண்டுகளில் நிறுத்தப்பட்டுள்ளன. ஆகவே, தொலைவிலிருந்து வரும் குரல் குறையும்போது, மலைமீதே ஒரு குரல் எழுவது இன்றியமையாததாகிறது. எடப்புளி நாட்டு மிளகும் மரவள்ளியும் பற்றி, அங்குள்ளோர் பேசும் தமிழிலேயே, அங்கு வாழ்பவரே பேசும் நிலையம் ஒன்று உயர்ந்த இடத்தில் அமையுமானால், அதன் வட்டம் சிறிதாயினும் பயன் பெரிதாகும்.

இளைஞர்களே, ஒரு நிலையத்தை மதிப்பிடும்போது அதன் ஆற்றல் எத்தனை வாட் என்று மட்டும் கேளாதீர்கள். யாருடைய ஐயத்துக்கு அது விடை கூறுகிறது என்றும் கேளுங்கள்.