வாட்டுக் கதவுக்குப் பின்னால்: ஒரு புது நேர்ஸின் முதல் வருஷம்

காலை ஆறே முக்கால். சத்தம் போடாமல் இந்தப் பக்கமாக வாருங்கள். பார்வையாளர் நேரம் இல்லைதான், ஆனாலும் இன்றைக்கு நம்மை யாரும் துரத்த மாட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரவுக் கடமை முடிக்கிறவர்களின் கண்ணில் தூக்கம். காலைக் கடமைக்கு வந்தவர்களின் தலையில் சற்று முன் குத்திய வெள்ளைத் தொப்பி. நடுவில் ஒருத்தி, சட்டைப் பையில் ஒரு குட்டிக் கொப்பியும் மூன்று நிறத்தில் பேனைகளும் வைத்துக்கொண்டு கட்டில் கட்டிலாக எட்டிப் பார்க்கிறாள். கொப்பியைக் கண்டதும் தெரிந்துவிடுகிறது, ஆள் புதுசு!

ஆஸ்பத்திரியில் நாளின் பரபரப்பான காட்சி பெரிய டொக்டரின் ரவுண்ட் என்று நினைத்திருந்தால் ஏமாந்தீர்கள். இதோ நடக்கப் போகும் 'ரிப்போர்ட்' கொடுக்கல் வாங்கல்தான் அசல் நாடகம். காலை ஏழு முதல் பகல் ஒன்று, ஒன்று முதல் மாலை ஏழு, அப்புறம் ஏழு முதல் மறுநாள் ஏழு. இந்த மூன்று முறைக்கும் இடையில் வாட்டு முழுவதும் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு வாய்வழியாகப் போகிறது. "நாலாம் கட்டில், சீனி வருத்தம். சுகர் பார்த்தாச்சு, இன்சுலின் போடல்ல, சாப்பாடு வரட்டும் எண்டு வச்சிருக்கு." இதில் 'போடல்ல' என்ற சொல்லைத் தவறவிட்டால் ஊசி இரண்டு தரம் ஏறும், அல்லது ஏறாமலே போகும். அதனால்தான் அந்தக் கொப்பி. புதுசு எழுதித் தள்ளுகிறாள். எல்லாவற்றையும் எழுதுகிறாள், ஜன்னல் பக்கத்து ஐயாவுக்கு மின்விசிறி வேண்டாமாம் என்பது உட்பட. எதை எழுத வேண்டாம் என்பது கொஞ்ச மாதம் போனால் தெரியவரும்.

இந்த வாசலுக்கு வந்து சேர அவள் நடந்த தூரம் குறைவில்லை. உயர்தரத்தில் விஞ்ஞானம், வர்த்தமானி அறிவித்தல், விண்ணப்பம், நேர்முகம், பிறகு மட்டக்களப்புத் தாதியர் கல்லூரியில் மூன்று வருஷ டிப்ளோமா. இல்லையென்றால் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடத்தில் நான்கு வருஷப் பட்டம். அதன்பின் 1988-ஆம் ஆண்டின் 19-ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தாதியர் பேரவையில் பதிவு. பிறகுதான் நியமனக் கடிதம். வீட்டில் கடிதத்தைச் சாமித்தட்டில் வைத்துக் கும்பிட்டிருப்பார்கள், அல்லது உம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டே துஆ கேட்டிருப்பார்.

சரி, கடிதம் வந்தது. மாறியது என்ன? கையெழுத்து! நேற்றுவரை அவள் போட்ட ஒவ்வொரு ஊசிக்கும் பக்கத்தில் ஒரு மூத்தவர் நின்றார். இன்றைக்கு மருந்து அட்டையில் அந்தச் சின்னக் கட்டத்துக்குள் அவளுடைய இரண்டு எழுத்து மட்டும். தனியாக. முதல் கையெழுத்தைப் போட எத்தனை நேரம் எடுத்தது என்று எந்த நேர்ஸிடமாவது கேட்டுப் பாருங்கள், வெட்கப்பட்டுச் சிரிப்பார். குளிசையின் பெயரை ஒரு தரம், அளவை ஒரு தரம், கட்டில் இலக்கத்தை ஒரு தரம், கடைசியில் நோயாளியின் முகத்தை ஒரு தரம் பார்ப்பாளாம். நோயாளியோ அதற்குள் விசாரணையைத் தொடங்கிவிடுவார்: "எந்த ஊர் மிஸ்? ஆர்ர மகள் நீங்க?"

இந்தக் கைநடுக்கம் நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் மார்லின் கிரேமர் 1974-லேயே இதைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதி, 'ரியாலிட்டி ஷொக்' என்று பெயரும் வைத்தார். பள்ளியில் கற்ற வேலைக்கும் வாட்டில் நடக்கிற வேலைக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில் விழுகிறவர்கள் பலர் தொழிலையே விட்டுவிடுகிறார்கள் என்பது அவர் கண்டது. பத்து வருஷம் கழித்து, 1984-ல், பட்ரீஷியா பென்னர் ஒரு நேர்ஸ் புதியவரிலிருந்து நிபுணராக ஐந்து படி ஏறுகிறார் என்று எழுதினார். படிப்பு முடித்து வருகிறவர் நிற்பது இரண்டாம் படியில்தானாம். மேலே மூன்று படி பாக்கி. கொப்பிக்காரிக்கு இதைச் சொன்னால் அழுவாளா, ஆறுதல்படுவாளா? என் கட்சி ஆறுதல்தான்.

இப்போது இருட்டும் வரை பொறுங்கள். இரவுக் கடமைக்குள் போகிறோம்! மட்டக்களப்பு வாவியில் மீன் பாடுவதைக் கேட்க நிலா இரவில் கல்லடிப் பாலத்துக்குப் போகிறவர்கள் போகட்டும். இங்கே இரவு முழுக்கப் பாடுவது இன்ஃபியூஷன் பம்ப். ஒரு விதி மட்டும் ஞாபகம் இருக்கட்டும். "இண்டைக்கு வாட்டு அமைதியா இருக்கு" என்று மட்டும் வாய் திறக்காதீர்கள். எல்லா மதத்து நேர்ஸ்மாரும் ஒருமனதாக நம்பும் ஒரே மூடநம்பிக்கை இது. சொன்ன அடுத்த நிமிஷம் வாசலில் அம்பியூலன்ஸ் நிற்கும்.

டெங்குக் காலம் என்றால் சொல்லாமலே நிற்கும். 2017-ல் நாடு முழுவதும் 186,000-க்கு மேற்பட்ட டெங்கு நோயாளர்கள் பதிவான வருஷத்தில் வாட்டுக்கு வந்த புதுசுகள் இன்றைக்கு மூத்தவர்கள். அவர்களோடு இருந்து பார்க்க வேண்டும், என்ன கணக்கு, என்ன கணக்கு! டெங்கில் காய்ச்சல் இறங்கும்போதுதான் ஆபத்து ஏறுகிறது. இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும் அந்த 48 மணித்தியாலத்துக்கு, 50 கிலோ எடையுள்ள ஒருவருக்குள் போகக்கூடிய மொத்தத் திரவம் 4600 மில்லிலீட்டர். சேலைனும் வாயால் குடிப்பதும் சேர்ந்துதான் இந்தக் கணக்கு. குறைந்தால் அதிர்ச்சி நிலை, கூடினால் நெஞ்சுக்குள் நீர். மணிக்கு மணி நாடி, பிறசர், போன சலத்தின் அளவு. சலம் மணிக்கு 25-லிருந்து 50 மில்லிலீட்டருக்குள் நிற்க வேண்டும். பிறசரின் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடைவெளி 20-க்கு இறங்கினால் ஓட வேண்டும்.

பரீட்சைத் தாளில் இது சுலபம். வாட்டிலோ அம்மம்மா ஒருவர் கட்டிலுக்குக் கீழே இளநீர் ஒளித்து வைத்திருப்பார். "கொஞ்சந்தான் குடுத்த நான் மகள், ரெண்டு முறடு." முறடு எத்தனை மில்லிலீட்டர்? புதுசு பவ்வியமாகக் குடித்த கிளாஸை வாங்கி, தண்ணீர் ஊற்றி அளந்து, அட்டையில் எழுதுகிறாள். துப்பறியும் நாவல் எழுதுகிறவர்கள் ஒரு இரவாவது டெங்கு வாட்டில் இருக்க வேண்டும்.

வேளாண்மை வெட்டுக் காலத்தில் வாவிக்கு அப்பால் படுவான்கரையிலிருந்து வருவது இன்னொரு விதமான இரவு. வயலில் கண்ணாடிப் புடையன் கடித்த ஒருவரைத் தூக்கி வருகிறார்கள். கூட வந்தவர்கள் பதினைந்து பேர், பதினைந்து பேரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். உள்ளே நடப்பதோ எதிர்மாறு. சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாய் ஒன்றில் கொஞ்சம் இரத்தம் எடுத்து மேசையில் வைத்துவிட்டு 20 நிமிஷம் தொடாமல் இருக்கிறார்கள். ஆம், தொடவே கூடாது. பிறகு ஒரேயொரு தரம் சரித்துப் பார்ப்பது. உறைந்திருந்தால் பெருமூச்சு. தண்ணீர் மாதிரி ஓடினால் இந்தியாவிலிருந்து வரும் விஷமுறி மருந்து, குப்பி குப்பியாக. தூளாக வரும் அதைக் கரைக்கும்போது குலுக்கினால் நுரைத்துவிடும். உள்ளங்கைக்குள் மெல்ல உருட்ட வேண்டும், ஒவ்வொன்றையும், அந்தக் கூச்சலுக்குள்ளே! இந்த மருந்துக்கே உடம்பு பொங்கிவிடும் அபாயம் இருப்பதால் முதலில் தோலுக்குக் கீழே சிறிதளவு அட்ரினலின். அது பலன் தருகிறது என்று சுமார் ஆயிரம் நோயாளர்களிடம் சோதித்து 2011-ல் உலகத்துக்குக் காட்டியவர்கள் இலங்கை ஆய்வாளர்கள். எனக்குப் பிடித்த தகவல் இது, சொல்லாமல் விட மனம் வரவில்லை.

இதையெல்லாம் விடப் புதுசு பயப்படுவது எதற்குத் தெரியுமா? தொலைபேசிக்கு! இரவு இரண்டு மணிக்கு ஹவுஸ் ஒஃபிசரை எழுப்ப வேண்டும். எடுத்தால் திட்டு விழுமா, எடுக்காவிட்டால் நோயாளிக்கு ஏதும் ஆகுமா? இதற்கும் ஒரு வழி இருக்கிறது, அதுவும் அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பலில் பிறந்த வழி. இப்போது என்ன நடக்கிறது, முன்கதை என்ன, நான் நினைப்பது என்ன, நீங்கள் செய்ய வேண்டியது என்ன. இந்த நான்கையும் இதே வரிசையில் சொல்வது. "டொக்டர், ஆறாம் கட்டில், சலம் ரெண்டு மணித்தியாலமா 15-தான். டெங்கு, நேற்றுக் காய்ச்சல் விட்டது. கசிவு கூடுது போல இருக்கு. வந்து பார்க்க ஏலுமா?" கால் நிமிஷம் போதும். மூன்றாவது வாக்கியம், 'நான் நினைப்பது' என்பது, புதுசின் வாயில் வர நாளெடுக்கும். வந்த இரவில் அவள் கொஞ்சம் நிமிர்ந்து நடப்பதை வாட்டே பார்க்கும்.

கேள்வி கேட்டால் முகத்தைச் சுழிக்கும் மூத்தவர் எந்த ஆஸ்பத்திரியிலும் ஒருவராவது இருப்பார். பக்கத்திலேயே, கேட்காமலே சொல்லித் தருகிறவரும் இருப்பார். முதல் வாரத்திலேயே இரண்டாமவரைக் கண்டுபிடித்துக்கொள்வது ஊசி போடத் தெரிவதற்குச் சமமான திறமை என்பேன். "பாவிச்ச ஊசிக்கு மூடி போடாத பிள்ள, அப்படியே பெட்டிக்குள்ள போடு" என்று கையைத் தட்டிவிடுகிறவர் அவர்தான்.

தேநீர் நேரத்தில் நைஸாகக் காதைக் கொடுங்கள். பேச்சு முழுக்க 'அடுத்தது எங்கே?' தான். முதல் நியமனம் ஊரிலேயே கிடைத்தவளுக்கு ஒரு கவலை, பொலன்னறுவைக்குப் போய்ச் சிங்களத்தில் ரிப்போர்ட் எடுக்கிறவளுக்கு வேறு கவலை. கொக்கட்டிச்சோலைப் பக்கத்திலிருந்து ஏழு மணிக் கடமைக்கு வருகிறவளுக்குக் கொஞ்சம் நிம்மதி, 2014-ல் மண்முனைப் பாலம் திறந்தபின் பாதைப் படகுக்காகத் துறையில் காத்து நிற்கத் தேவையில்லை. வினைத்திறன் தடைதாண்டல் பரீட்சை, வருடாந்த இடமாற்றம், தீவிர சிகிச்சைப் பிரிவுக்கான பயிற்சி, பொதுச் சுகாதாரத் தாதிப் பதவி, கொழும்பில் மேற்படிப்பு முடித்துச் சிஸ்டராகவோ விரிவுரையாளராகவோ வருவது என்று பட்டியல் ஓடும். மனநலப் பக்கம் போக விரும்புகிறவர்களுக்கு இந்த ஊரை விட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. போரும் 2004 கடற்கோளும் தின்ற இந்த மாவட்டத்தில் மனநல மருத்துவர் மகேசன் கணேசன் கட்டியெழுப்பிய சமூக மனநலச் சேவை, நோயாளியை வீட்டுக்கே தேடிப் போகும் வழக்கத்துக்குப் பெயர் பெற்றது.

அப்புறம் குரல் தாழும். லண்டன்! பொருளாதார நெருக்கடி உச்சத்திலிருந்த 2022-ல், அரச ஊழியர் வெளிநாட்டில் வேலை செய்ய ஐந்து வருஷம்வரை சம்பளமற்ற விடுமுறை எடுக்கலாம் என்று சுற்றறிக்கை வந்ததிலிருந்து இந்தப் பேச்சு ஓயவில்லை. கைப்பேசியில் ஆங்கிலப் பரீட்சைப் பயிற்சி. பகலில் 'துண்டு வெட்டி' நோயாளியை வீட்டுக்கு அனுப்புகிறவள், இரவில் கற்பனை நோயாளி ஒருவரை அனுப்பிவைக்கும் கடிதத்தை 45 நிமிஷத்தில் ஆங்கிலத்தில் எழுதிப் பழகுகிறாள். போகிறவளைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது, வீட்டுக் கடன் அவளுக்குத்தானே தெரியும். ஆனால் மூன்று இரவு தொடர்ந்து தூங்காத காலையில் அந்த விண்ணப்பத்தை நிரப்ப வேண்டாம். தூங்கி எழுந்து, சோறு தின்று, பிறகு நிரப்பலாம். இன்னொன்று, வாகரையிலோ மகிழடித்தீவிலோ ஆள் குறைந்த சின்ன ஆஸ்பத்திரியில் ஒரு வருஷம் நின்றவளுக்கு, பிரசவம் முதல் பாம்புக்கடிவரை எல்லாம் ஒரே வாசலால் வருவதைப் பார்த்த தைரியம் இருக்கும். பெரிய ஆஸ்பத்திரி கிடைக்கவில்லை என்று அழுகிறவர்களிடம் இதைத்தான் சொல்வேன்.

போகிற போக்கில் சுவரில் ஒட்டியிருக்கும் அந்தத் தாளையும் பார்த்துவிடுங்கள். ரோஸ்டர்! சாதகக் குறிப்பைக்கூட இத்தனை பேர் இத்தனை தரம் பார்த்திருக்க மாட்டார்கள். யாருக்கு எந்த நாள் இரவு, யாருக்கு லீவு என்று மாதம் முழுவதன் சுகதுக்கமும் அதில்தான். மட்டக்களப்பு வாட்டில் இதற்கென்றே ஒரு சந்தை நடக்கும். நோன்புப் பெருநாள் இரவைத் தமிழ்ப் பிள்ளை வாங்கிக்கொள்வாள், பொங்கலன்று காத்தான்குடிப் பிள்ளை நிற்பாள், வெசாக்குக்கு ஊருக்குப் போகும் சிங்களப் பிள்ளையின் கடமையை இருவரும் பங்குபோட்டு, நத்தாருக்கு அவளிடம் வசூலிப்பார்கள். புதுசுக்கு இன்னும் பேரம் பேசத் தெரியவில்லை. மாமாங்கக் கோயில் தீர்த்தத்துக்கு ஒரு பகல் வேண்டுமென்று கேட்டு, பதிலுக்கு இரண்டு சனிக்கிழமை இரவுகளை ஒப்புக்கொண்டுவிட்டாள். வாங்கியவள் அதைப் பேனையால் எழுதும்வரை விடவில்லை.